லீவுல ஸ்பெஷல் கிளாஸ்: 10, 11, 12 பெற்றோர் என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

நான் ஒரு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில 27 வருஷம் கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஏப்ரல் பாதி தாண்டிட்டா போதும், போன் வர ஆரம்பிச்சிடும். காய்கறி வாங்கப் போனாலும் யாராவது நிறுத்தி, "டீச்சர், லீவுலயும் பிள்ளையை வரச் சொல்றாங்க, அனுப்பணுமா?"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல எழுதி வெச்சா எல்லாருக்கும் உதவும்னு கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். எல்லாமே தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கானது.

டீச்சர், லீவுல கிளாஸ் வெக்கக்கூடாதுன்னு நிஜமாவே ரூல் இருக்கா, இல்ல பேப்பர்ல சும்மா நியூஸ் போடுறாங்களா?

இருக்கு. பள்ளிக்கல்வித் துறை கோடை விடுமுறை சமயத்துல சிறப்பு வகுப்பு நடத்தக்கூடாதுன்னு திரும்பத் திரும்ப உத்தரவு போட்டுட்டுத்தான் இருக்கு. இயக்குநர் ஆபீஸ்ல இருந்து சி.இ.ஓ.வுக்கு (முதன்மைக் கல்வி அலுவலர்) வரும், அவர்கிட்ட இருந்து டி.இ.ஓ.வுக்கு (மாவட்டக் கல்வி அலுவலர்), அங்கிருந்து ஹெச்.எம்.முக்கு (தலைமை ஆசிரியர்). அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாத்துக்கும்தான். மெட்ரிக் பள்ளிகளை இப்போ பாக்குறது தனியார் பள்ளிகள் இயக்ககம், அதுக்குன்னே மாவட்டத்துல தனியா டி.இ.ஓ. இருக்காங்க.

அதனால "எங்களுக்கு அந்த சர்க்குலர் வரல, அது கவர்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும்தான்"னு ஆபீஸ் ரூம்ல சொன்னா அப்படியே நம்பிட்டு வந்துடாதீங்க. டி.இ.ஓ. ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு கேட்டா அந்த வருஷத்து உத்தரவு என்னன்னு தெரிஞ்சிடும்.

லீவு எப்போ முடியுதுன்னே தெரியல, வருஷா வருஷம் தேதி மாறுது. எதை நம்புறது?

துறை அறிவிக்கிற தேதியை மட்டும் நம்புங்க. மாறுறது நிஜம்தான். 2023ல ஜூன் 1ன்னு சொன்னதை வெயில் ஜாஸ்தியா இருந்ததால தள்ளித்தள்ளி கடைசியில 6 முதல் 12 வரைக்கும் ஜூன் 12, சின்ன வகுப்புக்கு ஜூன் 14ன்னு திறந்தாங்க. 2024ல ஜூன் 10. 2025ல ஜூன் 2. இப்படித் தள்ளிப் போடுறப்ப நடுவுல கெடைக்கிற நாளும் லீவுதான், "நாங்க ஏற்கனவே பிளான் பண்ணிட்டோம், 10, 12 மட்டும் வந்துடுங்க"ன்னு கூப்பிட பள்ளிக்கு உரிமை கிடையாது.

ஆர்.டி.இ. சட்டத்தைக் காட்டினா போதாதா? அதுல லீவு பத்தி இருக்குல்ல?

இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும், அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுல 1 முதல் 5 வரைக்கும் 200 நாள், 6 முதல் 8 வரைக்கும் 220 நாள், 1000 மணி நேரம் பாடம் நடத்தணும்னு இருக்கு. அது குறைஞ்சபட்சம் இவ்வளவு நடத்தணும்னு சொல்ற கணக்கு, அதுக்கு மேல நடத்தக்கூடாதுன்னு அதுல இல்ல. பத்தாவது பிள்ளையோட அப்பா இதைக் கொண்டுபோய் நீட்டினா கரஸ்பாண்டன்ட் ஒரே நிமிஷத்துல மடக்கிடுவாரு.

10, 11, 12க்கு உங்க கையில இருக்குறது துறை உத்தரவும், பள்ளியோட அங்கீகாரமும்தான். துறை சொல்ற விதிப்படி நடக்குறேன்னு ஒத்துக்கிட்டுத்தான் அங்கீகாரமே வாங்குறாங்க, புதுப்பிக்கிறப்பவும் அதேதான். ஏழாவது எட்டாவது பிள்ளையை லீவுல வரவெச்சு, வராததுக்கு அடிச்சாலோ எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினாலோ மட்டும் அதே சட்டத்தோட 17வது பிரிவு நேரா பொருந்தும். உடம்புக்கும் மனசுக்கும் தர்ற தண்டனை ரெண்டையும் அது தடுக்குது.

எங்க பொண்ணு சிபிஎஸ்இ. ஏப்ரல் 1லயே கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க. அதுவும் தப்பா?

தப்பில்ல. சிபிஎஸ்இ-க்கு கல்வியாண்டே ஏப்ரல் 1ல தொடங்கி மார்ச் 31ல முடியுது. ஏப்ரல்ல நடக்குறது ரெகுலர் கிளாஸ், அதுக்கு அனுப்பித்தான் ஆகணும். ஆனா மார்ச்லயே அடுத்த வகுப்பை ஆரம்பிச்சா அது தப்பு, ஏப்ரல் 1க்கு முன்னாடி தொடங்காதீங்க, பிள்ளைங்களுக்கு பதட்டமும் சோர்வும்தான் மிஞ்சும்னு 2023 மார்ச்ல போர்டே எச்சரிக்கை விட்டிருக்கு. அதே மாதிரி பள்ளி காலண்டர்ல மே மாசம் லீவுன்னு அச்சடிச்சிட்டு மே 5ல இருந்து "பூஸ்டர் கிளாஸ்"னு ஒண்ணு ஆரம்பிச்சா, அதுக்கு வேற என்ன பேர் வெச்சாலும் அது லீவு வகுப்புதான்.

"விருப்பம் இருந்தா வாங்க"ன்னுதான் சொல்றாங்க. ஆனா வரலைன்னா திட்டுறாங்க. இது விருப்பமா கட்டாயமா?

கட்டாயம். இதை நான் உறுதியா சொல்றேன், ஏன்னா நானே அந்தப் பக்கம் இருந்தவ. ஒரு வகுப்பு விருப்ப வகுப்பா இல்லையான்னு கண்டுபிடிக்க பெரிய சட்ட அறிவு வேணாம், வராத பிள்ளைக்கு என்ன ஆகுதுன்னு பாத்தா போதும். வருகை எடுக்குறாங்களா, வராத வீட்டுக்கு போன் போகுதா, ஜூன்ல திறந்ததும் "லீவுல வராதவங்க எழுந்து நில்லுங்க"ன்னு சொல்றாங்களா, லீவுல நடத்தின பாடத்தை திரும்ப நடத்தாம அதுலயே முதல் டெஸ்ட் வெக்கிறாங்களா? இதுல ஒண்ணு நடந்தாலும் விருப்பம்ங்கிற வார்த்தைக்கு அங்க அர்த்தம் இல்ல.

ஒரு அம்மா தன்னோட போனைக் கொண்டுவந்து காட்டினாங்க. கிளாஸ் குரூப்ல 40 செகண்ட் வாய்ஸ் மெசேஜ். "டியர் பேரன்ட்ஸ், திங்கக்கிழமையில இருந்து டென்த் ஸ்பெஷல் கிளாஸ், 8.30க்கு, கலர் டிரஸ்ல அனுப்புங்க, பேக் வேணாம், நோட்டை கட்டைப்பையில கொண்டு வரட்டும்." யூனிஃபார்ம் வேணாம், ஸ்கூல் பேக் வேணாம்னு ஏன் சொல்றாங்க? ரோட்டுல பாக்குற யாருக்கும் பள்ளி நடக்குதுன்னு தெரியக்கூடாது, அவ்வளவுதான். செய்யக்கூடாததுன்னு தெரிஞ்சே செய்றாங்கங்கிறதுக்கு இதை விட வேற அத்தாட்சி வேணாம்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்ற முதல் வேலை, எழுதிக் கேளுங்க. சண்டை போட வேணாம், குரலை உயர்த்த வேணாம், "சார், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், எத்தனை மணிக்கு, கட்டாயமா இல்லையான்னு பள்ளி லெட்டர்ஹெட்ல ஒரு சர்க்குலர் குடுத்தீங்கன்னா வீட்டுல காட்டிட்டு அனுப்புறேன்"னு கேளுங்க. பெரும்பாலும் அந்தக் காகிதம் வராது. வராத வரைக்கும் நீங்க அனுப்ப வேண்டிய அவசியமும் இல்ல.

வரலைன்னா ஹால் டிக்கெட் தரமாட்டோம், இன்டர்னல்ல கை வெப்போம்னு சொல்றாங்களே?

அட்டெண்டன்ஸ் கணக்கு எல்லாம் பள்ளி வேலைநாளுக்குத்தான். லீவு நாள் வேலைநாளே இல்ல, அப்புறம் அன்னைக்கு வரலைங்கிறது எப்படி குறைவாகும்? பிளஸ் டூவுல ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்குற 10 மார்க் இன்டர்னலும் அப்படித்தான், அதுல வருகைக்கு பங்கு உண்டு, அது ஜூன்ல பள்ளி திறந்ததுக்கு அப்புறம் போட்ட வருகை. ஹால் டிக்கெட்டை தேர்வுத்துறைதான் வெளியிடுது, மே மாசம் வரலைங்கிறதுக்காக ஒரு பள்ளி அதை நிறுத்தி வெக்க முடியாது. யாராவது அப்படி சொன்னா, முன்ன சொன்ன மாதிரி, எழுதிக் குடுங்கன்னு கேளுங்க.

3,000 ரூபா கட்டச் சொல்றாங்க. ரசீது கேட்டா முழிக்கிறாங்க.

தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம்ங்கிறதை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில இருக்குற கட்டண நிர்ணயக் குழுதான் முடிவு பண்ணுது, 2009ல வந்த சட்டம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியா மூணு வருஷத்துக்கு நிர்ணயிப்பாங்க. அதுக்கு மேல வாங்கக்கூடாது. லீவு வகுப்பே அனுமதி இல்லாத ஒண்ணு, அதுக்கு காசு வாங்குறது ரெண்டாவது தப்பு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல, அப்பா தறி ஓட்டுறவரு, கடன் வாங்கிக் கட்டிட்டாரு. ரசீது வேணும்னு ரெண்டு தடவை போய் நின்னதுக்கு அப்புறம் ஒரு சின்ன பில் புக்ல கிழிச்சுக் குடுத்தாங்க. பள்ளி பேரு இல்ல, சீல் இல்ல, "பல்வகை"ன்னு ஒரே வார்த்தை, பக்கத்துல 3000. அதை அவர் பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருந்தாரு. அந்தத் துண்டு சீட்டை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு அவர்கிட்ட சொல்றப்ப எனக்கு மனசே ஆறல. தயவுசெஞ்சு கையில ரொக்கமா குடுக்காதீங்க. கட்டித்தான் ஆகணும்ங்கிற நிலைமை வந்தா பள்ளி அக்கவுண்டுக்கு போடுங்க, தேதியோட பதிவு இருக்கும்.

ஸ்கூல் பஸ் வராதாம், எப்படியாவது கொண்டுவந்து விடுங்கன்னு சொல்றாங்க. ஏன்?

மே மாசம்தான் பள்ளி வண்டிகளை ஆர்.டி.ஓ. கூட்டாய்வுக்கு கொண்டு போவாங்க. 2012ல தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் தளத்துல இருந்த ஓட்டை வழியா ஒரு குழந்தை விழுந்து இறந்துச்சு, அதுக்கு அப்புறம் வந்தது பள்ளி வாகன சிறப்பு விதிகள். அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, படி உயரம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, எல்லாம் பாத்துத்தான் அடுத்த வருஷத்துக்கு விடுவாங்க. வண்டி அங்க நிக்கிற நேரத்துல பிள்ளைங்க ஷேர் ஆட்டோல ஒம்போது பேர் பத்து பேரா தொங்கிட்டு வருது. அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கும் இலவச பஸ் பாஸ் லீவுல செல்லாது, சத்துணவும் கிடையாது. ஒரு பள்ளி நாள்னா அதைச் சுத்தி இவ்வளவு ஏற்பாடு இருக்கு, லீவுல அதுல எதுவுமே இல்லாம பிள்ளையை மட்டும் வரவெக்கிறாங்க.

வெயில்ல கூப்பிடுறது மட்டும் தனியா தப்பா? ஏ.சி. ரூம்ல நடத்துறோம்னு சொல்றாங்களே.

ரூமுக்குள்ள ஏ.சி. இருக்கலாம், வீட்டுல இருந்து வர்ற வழியில இல்லையே. மே 4ல கத்திரி ஆரம்பிச்சா மாசக் கடைசி வரைக்கும் இருக்கும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு தமிழ்நாடு அரசே 2024ல அறிவிச்சிருக்கு. பகல் 12ல இருந்து 3 வரைக்கும் வெளிய வராதீங்கன்னு கலெக்டர் சொல்ற அதே நாள்ல 12.45க்கு பிள்ளைங்களை வெளிய விடுறது எப்படி சரியாகும்.

எங்க பையன் பத்தாவதுல ரெண்டு பாடம் போயிடுச்சு. அவனுக்கு கிளாஸ் எடுத்தா அதுவும் தடையா?

இதை அந்தக் கணக்குல சேக்காதீங்க. ரிசல்ட் மே மாசம் வரும், ஜூன் கடைசி ஜூலையில துணைத்தேர்வு இருக்கு, தவறினவங்க அதே வருஷம் எழுதி பிளஸ் ஒன் சேந்துடலாம். அந்தப் பிள்ளைங்களுக்கு பயிற்சி குடுக்கச் சொல்லி துறையே பள்ளிகளுக்கு சொல்றது உண்டு. பையன் எழுதின பள்ளியிலயே ஹெச்.எம்.மைப் பாருங்க, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கிறதும் அங்கதான்.

நான் சர்வீஸ்ல இருந்தப்ப செஞ்ச வேலையிலயே எனக்குப் பிடிச்சது இதுதான். பத்து பிள்ளைங்க, ரெண்டு மணி நேரம், காலையில 9ல இருந்து 11. கணக்குல வரைபடமும் செய்முறை வடிவியலும் ரெண்டு கேள்வி, ரெண்டும் எட்டு எட்டு மார்க், அதை கை பழகுற வரைக்கும் போடவெச்சாலே பாதி பயம் போயிடும். காம்பஸ் முனை மழுங்கி வட்டம் சேராம அழுத ஒரு பையனுக்கு என்னோட காம்பஸைக் குடுத்தேன், பரீட்சைக்கும் அதையேதான் எடுத்துட்டுப் போனான். பாஸ் பண்ணிட்டு கொண்டுவந்து திருப்பிக் குடுத்தான்.

12 போர்ஷன் பெருசு, லீவுல ஆரம்பிக்கலைன்னா முடிக்க முடியாதுன்னு சொல்றாங்க. நியாயம்தானே?

ரொம்ப பேர் இந்த இடத்துலதான் மனசு மாறிடுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஜூன்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஒழுங்கா நடத்தினா பாடம் முடியும், ரிவிஷனுக்கும் நேரம் இருக்கும், நான் முடிச்சிருக்கேன். லீவுலயே ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் நவம்பர்லயே முடிச்சிட்டு மூணு மாசம் தினம் ரெண்டு டெஸ்ட் வெக்கிறதுக்காகத்தான் ஆரம்பிக்கிறாங்க. அது முழுக்க பள்ளியோட ரிசல்ட்டுக்கான கணக்கு. 2017ல ரேங்க் லிஸ்ட் வெளியிடுறதையே அரசு நிறுத்தினதுக்குக் காரணமும் இந்த ஓட்டப்பந்தயம்தான்.

இன்னொண்ணு, ஒம்பதாவது நடக்குறப்பவே பத்தாவது பாடம், பதினொண்ணு நடக்குறப்பவே பன்னெண்டு பாடம் எடுக்குற பழக்கம் இருந்துச்சு. அதைத் தடுக்கத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கு பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. 2025-26ல இருந்து அதை எடுத்தாச்சு. பிள்ளைங்களுக்கு ஒரு பாரம் குறைஞ்சது நல்லதுதான், ஆனா பழைய பழக்கம் திரும்ப வர வழி திறந்திருக்கு. உங்க பிள்ளையோட பிளஸ் ஒன் நோட்டைத் திறந்து பாருங்க, கணக்குல தொகையிடல், இயற்பியல்ல வெப்ப இயக்கவியல் எல்லாம் நடத்தியிருக்காங்களான்னு. அதை விட்டுட்டு வந்தா காலேஜ்ல முதல் செமஸ்டர்லயே தடுமாறுவாங்க.

ஒரு காலத்துல நானும் மே மாசம் கிளாஸ் எடுத்தவதான், அப்போ அது தப்புன்னே எனக்குத் தோணல. மே மாசம் நடத்தின அணிகள் பாடத்தை ஜூன்ல கேட்டா வகுப்புல முக்காவாசிக்கு ஞாபகம் இல்ல, திரும்ப நடத்தினேன். ரெண்டு வருஷம் அப்படி ஆச்சு, அதோட நிறுத்திட்டேன்.

ஸ்கூல்லயே வெளியில இருந்து ஆள் வெச்சு நீட் ஃபவுண்டேஷன் நடத்துறாங்க. ஸ்கூல் கிளாஸ் இல்ல, கோச்சிங்தான்னு சொல்றாங்க.

2024 ஜனவரியில மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. 16 வயசுக்குக் கீழ இருக்குறவங்களை சேக்கக்கூடாது, பத்தாவது பரீட்சை முடிச்ச பிறகுதான் சேக்கணும், நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, வாரத்துல ஒரு நாள் லீவு விடணும்னு அதுல இருக்கு. எட்டாவது ஒம்பதாவது பிள்ளையை லீவுல உக்காரவெச்சு ஃபவுண்டேஷன்னு நடத்துறது அதுக்கே பொருந்தாது.

அரசு ஏப்ரல்ல நடத்துற இலவச நீட் பயிற்சியைக் காட்டி "கவர்மென்டே நடத்துதே"ன்னு சிலர் சொல்வாங்க. அது பிளஸ் டூ எழுதி முடிச்சிட்டு மே முதல் வாரம் நீட் எழுதப் போற பிள்ளைங்களுக்கு, விரும்பினவங்க மட்டும் போறது. ரெண்டையும் ஒண்ணாப் பாக்க முடியாது.

ஆன்லைன்ல நடத்தினா பரவாயில்லையா?

வெயில் பிரச்சினை மட்டும் போகும். கட்டாயமா இல்லையாங்கிறதுக்கு மேல சொன்ன அதே சோதனைதான். கேமரா ஆன் பண்ணு, அட்டெண்டன்ஸ் போடுன்னா அது கிளாஸ்தான்.

கம்ப்ளைன்ட் குடுத்தா பிள்ளையைப் பழிவாங்குவாங்களோன்னு பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது?

அந்த பயம் நியாயமானது, அதை நான் லேசா எடுத்துக்கல. முதல்ல தனியாப் போகாதீங்க. அதே கிளாஸ்ல நாலு பெற்றோர் சேந்து கையெழுத்துப் போட்டு ஹெச்.எம். கையில குடுத்து, காப்பியில சீல் வாங்குங்க. நாலு பேருன்னா எந்தப் பிள்ளைன்னு தனியா குறி வெக்க முடியாது. அதுக்கும் நிறுத்தலைன்னா மெட்ரிக் பள்ளிக்கு டி.இ.ஓ. (தனியார் பள்ளிகள்), அரசு, உதவிபெறும் பள்ளிக்கு டி.இ.ஓ. (இடைநிலை), அதுக்கு மேல சி.இ.ஓ. பேரு சொல்ல விரும்பலைன்னா பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417க்கு கூப்பிடுங்க. அடிச்சாங்க, கொடுமைப்படுத்தினாங்கன்னா யோசிக்காம 1098. சொல்றப்ப பள்ளி பேரு, வகுப்பு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நடக்குதுன்னு சரியாச் சொல்லுங்க, அப்பதான் ஆய்வுக்கு வர்றவங்க அந்த நேரத்துக்கு வந்து பாக்க முடியும்.

"டிசி வாங்கிட்டுப் போங்க"ன்னு மிரட்டினா, அதுக்கு பயந்து கெஞ்ச வேணாம். கட்டண பாக்கி இருந்தாக்கூட டிசியை நிறுத்தக்கூடாது, டிசியில அதை எழுதவும் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024ல சொல்லியிருக்கு.

நான் ஒரு மெட்ரிக் ஸ்கூல் டீச்சர். எனக்கே லீவு வேணும், ஆனா மேனேஜ்மென்ட் வரச் சொல்லுது. நான் என்ன பண்றது?

உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்மா. ஏப்ரல் முழுக்க விடைத்தாள் திருத்துற கேம்ப், அது முடிஞ்சதும் அட்மிஷன் கேன்வாஸுக்கு வீடு வீடா நடக்கவெக்கிறாங்க, அதுக்கு மேல கிளாஸ். மாட்டேன்னு சொன்னா ஜூன்ல வேலை இருக்குமான்னு தெரியாது. ஒத்தையில எதுத்து நில்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வந்த மெசேஜ், டைம் டேபிள் எல்லாத்தையும் அழிக்காம வெச்சிக்கங்க. பெற்றோர் யாராவது கேட்டா பொய் மட்டும் சொல்லாதீங்க. லீவுல வீட்டுல அதே பிள்ளைங்களுக்கு காசு வாங்கி டியூஷன் எடுக்கவும் செய்யாதீங்க, ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 28வது பிரிவே சொல்லுது.

வீட்டுல இருந்தா நாள் முழுக்க போன்தான் டீச்சர். அதுக்கு ஸ்கூலுக்கே போகட்டுமே?

இதை நிறைய அம்மாக்கள் மனசார சொல்றாங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அது நிஜமான கவலை. மாவட்ட விளையாட்டரங்கத்துல விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வருஷா வருஷம் கோடைப் பயிற்சி முகாம் நடத்துது, காலையும் சாயங்காலமும்தான், வெயில் நேரத்துல இல்ல. ஏப்ரல் மாசமே போய் விசாரிங்க. கிளை நூலகத்துல ஒரு உறுப்பினர் கார்டு எடுத்துக் குடுங்க. ஊர்ல பாட்டி வீடு இருந்தா அனுப்பி வைங்க.

நான் ஹெச்.எம். ரெண்டு மூணு பிள்ளைங்க தானாவே வந்து "சந்தேகம் கேக்கணும் சார்"னு நிக்குது. துரத்தி விடவா?

துரத்த வேணாம். டி.இ.ஓ.வுக்கு எழுதி அனுமதி வாங்கிக்கங்க, பெத்தவங்ககிட்ட ஒரு கையெழுத்து, காசு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, புதுப் பாடம் கிடையாது. பொண்ணுங்க வந்தா ஒரு பெண் ஆசிரியர் கண்டிப்பா இருக்கணும். குடிதண்ணியும் கழிப்பறையும் திறந்திருக்கணும், லீவுல வாட்ச்மேன் பூட்டிட்டுப் போயிடுவாரு, அதையும் பாத்துக்கங்க. பதினொரு மணிக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பிடுங்க.

முடிஞ்சா வகுப்பறையைத் திறக்காம லைப்ரரி ரூமைத் திறங்க. எங்க பள்ளியில ஒரு மே மாசம் அப்படித்தான் செஞ்சோம். சந்தேகம் கேக்க வந்த பிள்ளைங்க அஞ்சு பேரு. மூணாவது நாள், பக்கத்துத் தெருவுல இருந்து ஆறாவது படிக்கிற ரெண்டு பொடிசுங்க செருப்பை வெளிய விட்டுட்டு வந்து, "டீச்சர், நாங்களும் புக்கு எடுக்கலாமா?"ன்னு கேட்டுச்சுங்க.